மூணாறில் பதினாறு தென்னை

மூணாறுக்கு மேலே, தேயிலைக்கு நடுவே, பதினாறு தென்னை மரங்களை வைத்தவன் நான்தான். அந்தக் குளிரில் தென்னை வராது என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரியாது என்பதைவிட, யாரிடமும் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. நாற்பத்தைந்து வயது வரைக்கும் நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. கண்டக்டர் தவறான ஊருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தால், அவரை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று அந்த ஊருக்கே போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். (இரண்டு முறை. இரண்டாம் முறை அங்கே டீக்கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.)

கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி கேரளப் பக்கம் வந்தால், சாலையோரத்தில் என் கடை. படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போட்டுத் தருவேன். நான் படித்தது நாலாம் வகுப்பு. தமிழ் வாசிப்பேன், மலையாளம் எழுத்துக் கூட்டுவேன், இங்கிலீஷில் என் கடைப் பலகையை மட்டும் படிப்பேன். அதுவும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முன்பே தெரியும் என்பதால்.

கடைக்கு வருபவை மூன்றே வகை. சாமி படம், கல்யாணப் படம், காலமானவர் படம். இதில் மூன்றாவது வகையில்தான் எனக்குப் பெயர். ரேஷன் கார்டில் இருந்து பெரிதாக்கிய மங்கலான போட்டோவைக் கொண்டுவருவார்கள். நான் மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, உயிரோடு இருந்தபோது அவருக்குக் கிடைக்காததையெல்லாம் கொடுப்பேன். சட்டை இல்லாதவருக்குச் சட்டை. கழுத்து வெறுமையாக இருக்கும் அம்மாவுக்குத் தங்க நிறத்தில் சங்கிலி. "இன்னும் கொஞ்சம் கெட்டியாப் போடுங்க, நாலு பேரு பாக்கறது" என்று வீட்டுக்காரர்களே சொல்வார்கள். ஒருவரும் 'எங்க அம்மா இப்படி இல்லையே' என்று திருப்பிக் கொண்டுவந்ததில்லை. அதனால், நான் கை வைத்தால் எதுவும் முன்னைவிட நன்றாகத்தான் ஆகும் என்று ஒரு நம்பிக்கை எனக்கு வந்துவிட்டது. வெளியே சொல்ல வெட்கம். உள்ளேயே இருந்ததால் அது நன்றாகக் கொழுத்துவிட்டது.

அப்படிப்பட்ட நாளில்தான் தேவசகாயம் ஐயா வந்தார்.

மூணாறு மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளை எங்கள் பக்கத்துப் பெருமாட்டியில் கட்டிக் கொடுத்திருந்தார். மகளும் மருமகனும் அங்கே புது வீடு கட்டியிருந்தார்கள். ஐயா கையில் நீளமான தகரக் குழாய். அதைத் திறந்து, குழந்தையைத் தொட்டிலில் இருந்து எடுப்பதுபோல ஒரு காகிதச் சுருளை வெளியே எடுத்தார். பின்பக்கம் துணி ஒட்டிய கெட்டிக் காகிதம். என் மேசைமேல் விரித்து, நாலு மூலைக்கும் நாலு கண்ணாடித் துண்டை வைத்தார்.

எஸ்டேட்டின் வரைபடம். வெள்ளைக்காரன் காலத்தில் அளந்து, வரைந்து, கையாலேயே நிறம் பூசியது. கறுப்புக் கோடுகள் மயிர் போல மெலிதாக இருந்தன. ஒரு தோட்டத்துக்கு ரோஸ், அடுத்ததற்கு மஞ்சள், அதற்கடுத்து பச்சை. ஓடைகளுக்கு நீலம். ஓரத்தில் எட்டு முனையோடு ஒரு நட்சத்திரம். காட்டுக்கு, எறும்பு அளவில் மங்கலான மரங்கள். எல்லாவற்றின்மேலும் பங்களாக் கணப்பின் புகை படிந்து டிக்காஷன் நிறத்தில் இருந்தது. பங்களாவைப் புதுப்பித்தபோது குப்பையோடு போக இருந்ததை மேனேஜரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தாராம்.

"தம்பி, இங்க பாருங்க." மேல் மூலைக்குப் பக்கத்தில் விரலை வைத்தார். "இந்தச் செவப்பு இருக்குல்லா? அதுதான் மேல் லயம். எட்டு வீடு. நான் பெறந்தது அங்கதான்."

லயம் என்றால் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடு. படத்தில் அங்கங்கே சிவப்பில் ஒரு தொடுகை, அவ்வளவுதான். சுற்றிக் கோடுகூடக் கிடையாது. பிரஷ் நுனியை வைத்து எடுத்திருந்தான். பங்களாவுக்கு மட்டும் நாலு பக்கமும் கோடு போட்டு, முன்னால் பூந்தோட்டம்கூட வரைந்திருந்தது.

"நான் நடக்கப் படிக்கதுக்குள்ள அந்த லயத்த இடிச்சுப் பொளிச்சுட்டானுவ. எல்லாரையும் கீழ எறக்கிட்டு மேல வெறகுக்குக் கிராண்டிஸ் தைல மரம் வச்சானுவ. இப்பம் போய்ப் பாத்தா வெறும் காடு. எங்க சம்மந்தி நம்ப மாட்டேங்காரு. 'அந்தக் காட்டுக்குள்ள நரி பெறக்கும், மனுசன் பெறப்பானா'ன்னு கேக்காரு. கல்யாணம் ஆன நாள்லேருந்து இதே பேச்சு. பந்தியில வச்சே கேக்காரு. சர்க்கார் கடலாசு, பத்திரம் எதுலயும் இல்ல. இந்த ஒண்ணுலதான் இருக்கு."

நான் தலையாட்டினேன்.

"ஞாயித்துக்கிழம புது வீடு மந்திரிப்பு, ஃபாதர் வாராரு. எங்க அக்கா மரியம்மா, அந்தக் காலத்து ஆளுவ எல்லாம் மேலேருந்து வேன் புடிச்சு வாராவ. இதக் காட்டத்தான் வரச் சொல்லியிருக்கேன். நல்ல சட்டமாப் போட்டு, பளிச்சுனு ஆக்கித் தந்திருங்க."

அதற்கும் தலையாட்டினேன். 'பளிச்சுனு' என்றால் கண்ணாடியையா, சட்டத்தையா, படத்தையா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மூன்று நொடி ஆகியிருக்கும். அந்த மூன்று நொடியை மிச்சம் பிடித்தேன்.

விளக்குப் புகை ஏறிய சாமி படங்களை நான் சுத்தம் செய்யும் விதம் ஒன்று உண்டு. தண்ணீர்க் குப்பியால் மேலே பூவாகத் தெளிப்பேன். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து, துணியால் ஒற்றி எடுத்தால் புகை அதிலேயே வந்துவிடும். அச்சடித்த படம், ஆயிரம் தரம் தெளித்தாலும் முருகன் முருகனாகவே இருப்பார். அதே நினைப்பில் வரைபடத்தின்மேல் தாராளமாகத் தெளித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அன்றைக்கு டீ நன்றாக இருந்தது. இன்னொன்று குடித்தேன்.

திரும்பி வந்து பார்த்தால் மலையில் வெள்ளம். ஓடை கரையை உடைத்துக்கொண்டு ரோஸ் தோட்டத்துக்குள் நுழைந்திருந்தது. மஞ்சள் பச்சைக்குள் போய்க்கொண்டிருந்தது. கையால் பூசிய நிறம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று அந்த நிமிஷத்தில்தான் எனக்குப் புரிந்தது. கறுப்புக் கோடுகள் மட்டும் அசையாமல் நின்றன. மற்றதெல்லாம் ஊரைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தன.

ஒற்றி எடுக்கத் துணி தேடினேன். கையில் இருந்தது ஈரத்துணி. வேறு எதுவும் கண்ணில் படவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இடுப்பில் இருந்த வெள்ளை வேட்டியை உருவி, அப்படியே படத்தின்மேல் விரித்து, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு அரை டிராயரோடு நின்றேன்.

"அண்ணா, எங்க மாமனார் படம் ஆச்சுங்களா?" என்று ஷட்டருக்கு வெளியே ஒரு பெண் குரல்.

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

"அண்ணா? ஏனுங்கண்ணா?"

மூச்சை அடக்கிக்கொண்டேன். மாமனார் சுவரில் சாய்ந்து, நான் போட்டுக் கொடுத்த புதுச் சட்டையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கடையில் அந்த நேரத்தில் ஒழுங்காக உடுத்தியிருந்தவர் அவர் ஒருவர்தான்.

அந்தப் பெண் போனபிறகு வேட்டியை மெதுவாகத் தூக்கினேன். படம் கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தது. அங்கங்கே அழுக்குத் தண்ணீர் காய்ந்ததுபோல் ஒரு சாயல். சிவப்பு ஒன்றுகூட இல்லை. தேவசகாயம் ஐயா பிறந்த இடமும் இல்லை. வேட்டியின் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுருட்டி மூலையில் எறிந்துவிட்டு, ஆணிச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

சாயங்காலம் என் மனைவி சரசு கடைக்கு வந்தவள் வேட்டியைப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, இது என்ன கருமமுங்க? போன வாரம் வாங்குன வேட்டி!"

"பெயிண்ட் கொட்டிப்போச்சு."

"பெயிண்ட்டு கொட்டுச்சா, இல்ல நீங்க பெயிண்ட்டுக்குள்ள உழுந்தீங்களா? இதத் தொவைக்கறதும் ஒண்ணு, கெணத்துல போடறதும் ஒண்ணு." சொல்லிக்கொண்டே அதை மடித்து, படங்களைச் சுற்றிக் கொடுக்கும் பழந்துணிகளோடு வைத்தாள். எங்கள் கடையில் எந்தப் படத்தையும் காகிதத்தில் சுற்றித் தருவதில்லை. பழைய வேட்டி, பழைய சேலை. கண்ணாடிக்கு அதுதான் பாந்தம்.

அப்போதே ஐயாவைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். கூப்பிட்டேன். "ஆரு பேசுதது?" என்று கேட்டார். வைத்துவிட்டேன். அவரே திரும்பக் கூப்பிட்டார். போனை சரசுவிடம் கொடுத்துவிட்டு ஆணி எண்ண ஆரம்பித்தேன். அவள் பத்து நிமிஷம் பேசினாள். மந்திரிப்புக்கு என்ன சமையல், எத்தனை பேர், இலையா தட்டா எல்லாம் கேட்டுவிட்டு, "வேலை அருமையா நடக்குதுங்க, ராப்பகலா அதே நெனப்புத்தானுங்க அவருக்கு" என்று முடித்தாள். அதில் பாதி உண்மை.

வேறு வழியில்லாமல் பிரஷ்ஷை எடுத்தேன்.

முதலில் தேயிலை. வெள்ளைக்காரன் ஏன் ரோஸும் மஞ்சளும் பூசினான் என்று யோசித்தேன். எந்தத் தோட்டம் எப்போது நட்டது என்று காட்டத்தான் அந்த நிறங்கள் என்பது பின்னால் தெரிந்தது. எனக்குத் தெரிந்த தேயிலை பச்சை. அவனிடம் பச்சை தீர்ந்துபோயிருக்கும் என்று முடிவு செய்து, மலை முழுவதும் ஒரே பச்சையாகப் பூசினேன். பார்க்கக் குளுகுளுவென்று இருந்தது. ஓடைக்கு நீலம்; கோடு இருந்ததால் அதில் தப்பு வரவில்லை. எட்டு முனை நட்சத்திரத்துக்குத் தங்க நிறம். (காலமான அம்மாக்களின் சங்கிலிக்கு வைத்திருந்தது. இரண்டு சங்கிலி அளவு செலவானது.)

பிறகு மரங்கள். அங்கங்கே மங்கலாக ஒரு கோடும் அதன்மேல் ஒரு தலையும் மட்டும் எஞ்சியிருந்தன. மரம் என்றால் எங்கள் ஊரில் தென்னை. பெருமாட்டியில் பிறந்து, தென்னைக்கு நடுவே நடந்து, தென்னைக்கு நடுவே கல்யாணம் கட்டிய எனக்கு, ஒரு கோட்டின்மேல் ஒரு தலை இருந்தால் வேறு எந்த மரம் ஞாபகம் வரும்? பதினாறு தென்னை போட்டேன். ஒவ்வொன்றுக்கும் குலை வைத்தேன். நாலைந்து மரங்களில் இளநீர்.

இவ்வளவு செய்தும் மேல்பக்கம் வெறிச்சென்று இருந்தது. ஜனங்கள் இருக்கும் இடத்தில் கோயில் இல்லாமலா? சின்னதாக ஒரு கோபுரம் வைத்தேன்.

கடைசியில் மேல் லயம். ஐயாவின் விரல் நினைவிருந்தது. தடித்த விரல், வெட்டுப்பட்ட நகம். ஆனால் அது நின்ற இடம் நினைவில்லை. மேல் மூலைக்குப் பக்கம் என்பது மட்டும் நிச்சயம். ஒரு மணி நேரம் யோசித்து, என் வாழ்க்கையிலேயே புத்திசாலித்தனமான முடிவு என்று அன்றைக்கு நினைத்த முடிவை எடுத்தேன். மூன்று இடத்தில் சிவப்பு வைத்தேன். ஏதோ ஒன்று சரியாக இருக்குமே.

ஞாயிற்றுக்கிழமை பட்டுச் சேலையில் சரசுவும், அவள் மடியில் படமும், பயத்தில் நானுமாக ஆட்டோவில் பெருமாட்டிக்குப் போனோம். படத்தை எந்தத் துணியில் சுற்றியிருக்கிறாள் என்று கவனிக்கும் நிலையில் நான் இல்லை. கண்ணாடியின் நாலு மூலையிலும் சந்தனம் வைத்திருந்தாள். கிறிஸ்தவ வீடு என்று சொன்னேன். "நம்ம கடையிலிருந்து பொட்டு வெக்காம ஒண்ணும் வெளிய போனதில்லீங்க" என்றுவிட்டாள்.

கூடத்தில் ஆணி அடித்துத் தயாராக இருந்தது. மலையில் இருந்து வேனில் வந்தவர்கள் ஸ்வெட்டரைக் கழற்றாமல், வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் ஐயாவின் அக்கா மரியம்மாள், கெட்டிக் கண்ணாடியோடு. எதிர்வரிசையில் சம்பந்தி ஆரோக்கியசாமி, தென்னந்தோப்புக்காரர், வெள்ளை வேட்டியும் சிரிக்கத் தயாரான முகமுமாக. ஃபாதர் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். (தெளிப்பதைப் பார்த்ததும் படத்தை என் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.) நான் படத்தை மாட்டினேன். ஐயா முன்னால் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, சுற்றியிருந்த துணியை இழுத்தார். அது தரையில் விழுந்தது.

எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் அடங்கும்வரை என் வாழ்க்கை நன்றாக இருந்தது.

மரியம்மாள் எழுந்து, கண்ணாடிமேல் மூக்கு படும் தூரத்துக்குப் போனார்.

"ஏலே தேவசகாயம். நம்ம மலையில எவம்லே தென்ன மரம் வச்சான்?"

அவர் விரல் ஒரு குலையில் போய் நின்றது.

"எளநி வேற தொங்குது. இத்தன வருசம் கொழுந்து பறிச்சிருக்கேன், ஒருத்தனும் ஒரு எளநி வெட்டித் தரலையே." விரல் நகர்ந்தது. "இது என்ன, கோயிலா? இதுக்கு எந்த மாசம்லே கொடைத் திருவிழா?"

வேன்காரர்கள் சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை. அவர் மேல் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆரோக்கியசாமியும் எழுந்து வந்து அங்கேதான் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் விட்டு எண்ணினார்.

"ஏனுங் சம்மந்தி, நீங்க மூணு எடத்துல பொறந்தீங்களாக்கு? அதுல ஒண்ணு ஓடைக்குள்ளயே இருக்குதுங்களே. மீனாட்டம் பொறந்தீங்களா?"

இந்தத் தடவை எல்லாரும் சிரித்தார்கள். ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "தம்பி, இது நான் தந்த படம்தானா?" என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு ஆமாம் என்றும் அர்த்தம், இல்லை என்றும் அர்த்தம். இரண்டுமே உண்மை. பக்கத்தில் சரசு, "பெயிண்ட்டு கொட்டுனது இதுமேலயாக்கு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

கதவு இரண்டடியில் இருந்தது. நான் அதை நோக்கி ஒரு அடி வைத்தும்விட்டேன்.

மரியம்மாளுக்குத் தரையில் துணி கிடப்பது பொறுக்கவில்லை போலும். குனிந்து அதை எடுத்து மடிக்கப் போனவர் பாதியில் நின்றார். வேட்டியைக் கை அகலத்துக்கு விரித்தார். வெள்ளை வேட்டியில் ரோஸ், மஞ்சள், பச்சை எல்லாம் கட்டம் கட்டமாகப் படிந்திருந்தது. நடுவே நீலமாக ஒரு கோடு வளைந்து போனது.

"இந்த வளைவு நம்ம ஓடை மாதிரில்லா இருக்கு. ஆனா எதிர்ப்பக்கம் போவுதே."

எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் புரிந்தது என்பதும் புரிந்தது. நான் பேசாமல் போனால் அந்த வேட்டியை மடித்து மூலையில் வைத்துவிடுவார்கள். ஐயாவின் முகத்தைப் பார்த்தேன். அதுவரை என் வாயில் இருந்து வந்திராத சத்தத்தில் ஒரு குரல் வந்தது.

"அதைத் திருப்பிப் புடிக்கோணுங்க!"

நாற்பது பேர் திரும்பினார்கள். இனிமேல் நிறுத்தினால் இதைவிடக் கேவலம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். "தண்ணி தெளிச்சுப்போட்டனுங்க. கலரு ஓடிருச்சு. என்ற வேட்டியை அவுத்து ஒத்துனனுங்க. படத்துல இருந்ததெல்லாம் வேட்டிக்கு வந்துருச்சு. தென்ன மரம் நான் வெச்சதுங்க. கோயிலும் நான் வெச்சதுதானுங்க. லயம் எங்க இருந்துச்சுன்னு தெரியாம மூணா வெச்சுப்போட்டனுங்க. வேட்டியைத் திருப்பி, படத்து மேல வெச்சுப் பாருங்க."

"வேட்டிய அவுத்தா?" என்றார் ஃபாதர், மெதுவாக. அவருக்கு அது ஒன்றுதான் காதில் விழுந்திருந்தது.

ஐயாவும் மருமகனும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து வேட்டியைத் திருப்பிக் கண்ணாடிமேல் விரித்தார்கள். மெல்லிய வேட்டி. கறை மறுபக்கமும் தெளிவாக ஊறியிருந்தது. கறையின் ஓரத்தைச் சட்டத்தின் ஓரத்தோடு சேர்த்ததும் ஓடை ஓடைமேல் உட்கார்ந்தது. ஓடைக்கு மேலே, நான் வைத்த மூன்று இடத்துக்கும் சம்பந்தமில்லாத நாலாவது இடத்தில், கொஞ்சம் ஊதிப்போய், ஒரு சிவப்புத் தொடுகை.

மரியம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "அந்தா இருக்கு" என்றார். பறித்த கொழுந்துக் கூடையை எங்கே வைத்தோம் என்று பார்த்ததுபோல, அவ்வளவு சாதாரணமாக. அப்புறம் வேன்காரர்கள் எல்லாரும் எழுந்து வந்தார்கள். தண்ணீர்க் குழாய் இந்தப் பக்கம் இருந்தது என்று ஒருவர், இல்லை அந்தப் பக்கம் என்று ஒருவர். கடைசி வீடு யாருடையது என்று இரண்டு கிழவிகள் என் வேட்டியை ஆளுக்கொரு பக்கம் இழுத்துச் சண்டை போட்டார்கள்.

ஆரோக்கியசாமி வேட்டியையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மீசையைத் தடவினார். பிறகு, "செரி. பொறந்திருக்கறாருங்க" என்றார்.

ஐயா அதற்கப்புறம்தான் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பந்தியில் எனக்கு அவரே பரிமாறினார். நான் போதும் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு மூன்று தடவை பிரியாணி சாப்பிட்டேன்.

படத்தை வெள்ளைக்காரன் வைத்திருந்த மாதிரியே மாற்றித் தர எனக்குத் தெரியாது. பெரிய ஊரில் அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்களாம். ஐயா கொண்டுபோகவில்லை. "அக்காவுக்கு அந்த எளநிதான் புடிச்சிருக்கு" என்றார். வேட்டிக்கும் ஒரு சட்டம் போடச் சொன்னார். இரண்டும் இன்றைக்கும் அந்தக் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் வரைபடத்தைப் பார்ப்பார்கள், பிறகு வேட்டியைப் பார்ப்பார்கள், பிறகு 'யாருது?' என்று கேட்பார்கள். நாங்கள் அங்கே இருந்தால் சரசு என்னைக் கைகாட்டுவாள். எனக்குப் புது வேட்டி எடுக்கும்போதெல்லாம் துணிக்கடையில் எல்லார் முன்னாலும், "இதுல எந்த எஸ்டேட்டுங்க வரப்போவுது?" என்று கேட்கவும் அவள் மறப்பதில்லை.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. அன்றைக்கு வேன் கிளம்பும்போது ஆரோக்கியசாமி தோப்பில் இருந்து ஒரு தென்னங்கன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். இத்தனை வருஷம் கேலி பேசியதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, அதை மரியம்மாளின் மடியில் வைத்தார்.

"சம்மந்தி பொறந்த எடத்துல வெச்சுருங்க. அடுத்தாப்புல எவனாச்சும் வந்து வெறுங்காடுன்னு சொல்லப்படாது பாருங்க."

"குளுருல செத்துரும்வே."

"செத்தாச் சாவுட்டுங்க. படம் பொய்யின்னு ஆகக் கூடாதுல்லங்க?"

மரியம்மாளின் பேரன் எஸ்டேட்டில் வாட்சராக இருக்கிறான். வேட்டியைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போய், ஓடையை வைத்து இடம் கண்டுபிடித்து, கிராண்டிஸ் மரங்களுக்கு நடுவே கன்றை வைத்துவிட்டானாம். தோண்டும்போது அடுப்புக் கல் ஒன்று கிடைத்தது என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தக் கல்லையும் சட்டம் போட்டுத் தருவேனா என்று ஆரோக்கியசாமி என்னைக் கேட்டார்.

தென்னை சாகவில்லை. வளரவும் இல்லை. வருஷத்துக்கு ஓர் ஓலை விடுகிறது, சில வருஷம் அதையும் மறந்துவிடுகிறது. கிறிஸ்துமஸ் சமயத்தில் சரசுவின் போனுக்கு அதன் படம் வரும். பனிக்கு உரச்சாக்கைச் சுற்றி, மேலே ஒரு குரங்குக் குல்லா மாட்டியிருப்பார்கள். நானாகவே நம்பரை அழுத்தி ஒருவரிடம் பேசுவது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். எத்தனை ஓலை என்று கேட்பேன்.

போன கிறிஸ்துமஸுக்கும் கேட்டேன். பேரனிடமிருந்து மரியம்மாளே போனை வாங்கிப் பேசினார்.

"அஞ்சு ஓலை நிக்கி. அத விடும். உம்ம படத்துல ஒரு மரம் இப்பம் சரியாயிட்டு. மிச்சம் பதினஞ்சு எப்பம்வே அனுப்புதீரு?"